பன்னிரண்டு ஏக்கர் காணிக்கு வீட்டுக் கடன்: ஒரு கடன் முகவரின் சேவை பற்றி

கடந்த ஆண்டு விக்டோரியா மாநிலத்தின் மேற்கு கிப்ஸ்லாந்தில், வாரகுல் நகருக்கு அப்பால், பழைய வீடொன்றுடன் கூடிய 12 ஏக்கர் காணியை வாங்கினோம். அதற்கான கடனை மெல்பேர்ணில் இயங்கும் ஒரு சிறிய கடன் முகவர் நிலையம் பெற்றுத் தந்தது. அவர்களது குறைகளையும் சொல்லவேண்டியிருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முகவரிடம் போவதற்கு முன்னர், பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருக்கும் எங்கள் வங்கியிடமே கேட்டோம். வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துத் தொலைபேசியிலேயே முன் அனுமதி தந்துவிட்டார்கள். காணியின் விபரத்தை அனுப்பிய பிறகுதான் தொனி மாறியது. விற்பனை விளம்பரப் படத்தில் ஆறு மாடுகள் நின்றன. நகரசபை வரிச் சிட்டையில் பண்ணை வரி என்று இருந்தது. இவை இரண்டையும் கண்டு, இது வீட்டுக் கடனுக்குரிய ஆதனம் அல்ல, வேளாண் தொழிற் பிரிவுக்குப் போகவேண்டும், அங்கே முற்பணமும் வட்டியும் கூடுதல் என்று கூறிவிட்டார்கள். அந்த மாடுகள் அயலவருடையவை என்பதைச் சொல்வதற்குக்கூட ஆள் கிடைக்கவில்லை.

முகவரின் முதற்கேள்வி எங்கள் சம்பளத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. காணி எந்த வலயத்தில் இருக்கிறது, ஆண்டு முழுவதும் கார் போகக்கூடிய பாதை உண்டா, மின்சாரம் வந்திருக்கிறதா, மழைநீர்த் தாங்கியும் மலக்குழியும் முறையாக உள்ளனவா, காணியிலிருந்து யாருக்காவது வருமானம் வருகிறதா என்று அரை மணி நேரம் கேட்டார். எங்களுடையது வேளாண் வலயம். விக்டோரியாவில் அந்த வலயத்தில், உள்ளூர்த் திட்ட விதி வேறு அளவைக் குறிப்பிடாதவிடத்து, 40 ஹெக்டயருக்குக் குறைந்த காணியில் வீடு கட்டத் திட்ட அனுமதி வேண்டும். ஆகவே, இருக்கும் வீட்டுக்கு அனுமதி பெறப்பட்டதா என்பதற்கான ஆவணத்தை விற்பவரிடமிருந்து முதலில் எடுப்பித்தார். காணி 10 ஹெக்டயருக்குள், அதாவது ஏறத்தாழ 25 ஏக்கருக்குள் இருந்து, பிழைப்புக்கான பண்ணையாகவும் இல்லாவிட்டால், பல கடன் நிறுவனங்கள் அதைச் சாதாரண வீட்டைப் போலவே நடத்துகின்றன என்பதையும் அவர்தான் விளக்கினார். எங்களுடையது 5 ஹெக்டயர்கூட இல்லை. வட்டி வீதத்தில் கால் வீதம் குறைப்பதற்காக ஒவ்வொரு வங்கியாக ஏறி இறங்குவதைவிட, காணியை வீடாகப் பார்க்கும் வங்கியைக் கண்டுபிடிப்பதே இவ்வகைக் கடனில் பெரிய வேலை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மாடுகளின் விவகாரம், மேய்ச்சல் ஏற்பாடு விற்பனையோடு முடிவடைகிறது என்று விற்பவர் கையொப்பமிட்ட ஒரு பக்கக் கடிதத்தோடு தீர்ந்தது.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னரே வீட்டுக் காப்புறுதிக்கு விலை கேட்கும்படி அவர் வற்புறுத்தியதையும் குறிப்பிட வேண்டும். காணியின் ஒரு பகுதி காட்டுத்தீ அபாய மேலாண்மை எல்லைக்குள் வருகிறது. காப்புறுதி இல்லாமல் வங்கி பணத்தை விடுவிக்காது என்பதையும், கையொப்பமிட்ட பிறகு காப்புறுதி நிறுவனம் கைவிரித்தால் நாங்கள் நடுவில் நிற்க வேண்டிவரும் என்பதையும் எங்களுக்கு வேறு யாரும் சொல்லவில்லை.

மதிப்பீட்டில்தான் அடி விழுந்தது. பேசிய விலை 940,000 டொலர். முற்பணமாக 20 வீதமான 188,000 டொலரையும், அதற்குமேல் 51,000 டொலரைத் தாண்டும் முத்திரைத் தீர்வையையும் ஆயத்தமாக வைத்திருந்தோம். வங்கியின் மதிப்பீட்டாளர் 880,000 என்று எழுதினார். வீட்டையும் காணியையும் எண்ணியவர், விற்பவர் பெருமையோடு காட்டிய இரும்புக் கொட்டகைக்கும் புதிய வேலிக்கும் அதிக பெறுமதி கொடுக்கவில்லை. விலை, மதிப்பீடு ஆகிய இரண்டில் குறைந்ததன் மீதே 80 வீதக் கடன் கணக்கிடப்படுவதால், எதிர்பார்த்த 752,000 டொலர் கடன் 704,000 ஆகச் சுருங்கியது. 80 வீதத்தைத் தாண்டிக் கடன் வாங்கினால் அடமானக் காப்புறுதிக் கட்டணம் சேரும். அது வங்கியைக் காப்பாற்றுவதற்காக நாம் கட்டும் பணம். மதிப்பீடு இப்படிக் குறையக்கூடும் என்பதை முகவர் முன்கூட்டியே எச்சரித்திருக்கலாம். இத்தனை கிராமக் காணிகளைப் பார்த்தவருக்கு அது தெரியாததல்ல. ஒப்பந்தத்தில் கடன் கிடைப்பதை நிபந்தனையாக எங்கள் சட்டத்தரணி சேர்த்திருந்ததால் விற்பவரோடு மீண்டும் பேச முடிந்தது. அவர் 20,000 டொலர் இறங்கினார். மீதி 28,000 டொலரை அவசரத்துக்கென்று வைத்திருந்த சேமிப்பிலிருந்து எடுத்தோம்.

அதைவிடப் பெரிய குறை, கோப்பைக் கையாண்ட விதம். முதற் சந்திப்புக்குப் பின்னர் எல்லாம் ஓர் உதவியாளரின் கைக்குப் போனது. எங்களிடம் ஒருபோதும் கேட்கப்படாத ஓர் ஆவணத்துக்காக விண்ணப்பம் ஆறு நாட்கள் கிடப்பில் கிடந்ததை, நானாகத் தொலைபேசி எடுத்தபோதுதான் அறிந்தேன். கடன் கிடைப்பதற்கு ஒப்பந்தம் தந்த 21 நாள் நிபந்தனைக் காலத்தில் ஆறு நாள் என்பது சிறிய விடயமல்ல. இறுதி அனுமதி இருபதாம் நாள் மாலையில் வந்தது. அந்த வாரம் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

கட்டணமாக எங்களிடம் அவர்கள் எதையும் வாங்கவில்லை. வங்கிதான் அவர்களுக்குத் தரகுப் பணம் கொடுக்கிறது. 2021 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து, வாடிக்கையாளரின் நலனுக்கு முன்னுரிமை கொடுப்பது கடன் முகவர்களின் சட்டக் கடமையாகவும் இருக்கிறது. எங்களுக்குப் பரிந்துரைத்த வங்கியின் வட்டி வீதம் பட்டியலிலேயே குறைந்ததல்ல. அதைவிடக் குறைந்த இரண்டு வங்கிகள் வேளாண் வலயத்தை ஏற்பதில்லை என்பதை எழுத்தில் காட்டியே பரிந்துரைத்தார். உண்மையான வட்டிக்கு மேல் மூன்று வீதப் புள்ளிகள் கூட்டித்தான் எங்கள் தவணை கட்டும் ஆற்றல் சோதிக்கப்படும் என்பதையும் முதல் நாளே கணக்குப் போட்டுக் காட்டினார். ஆகவே கடன் தொகையின் எல்லையைப் பற்றி எங்களுக்குப் பொய்யான கனவு எதுவும் இருக்கவில்லை.

நகருக்குள் சாதாரண வீடு வாங்குபவருக்கு இந்த நிலையத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். விரைவான சேவை வேறிடத்தில் கிடைக்கும். ஏக்கர் கணக்கில் காணி தேடுபவர்கள் போகலாம். ஆனால் கோப்பு யார் கையில் இருக்கிறது என்பதை முதல் நாளே கேட்டு, இரண்டு நாளுக்கொரு தடவை அவரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை எங்கள் வட்டி வீதத்தை மீளாய்வு செய்து தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு இன்னும் நான்கு மாதங்கள் உள்ளன. அழைப்பு வந்தால் அதையும் இந்த மதிப்புரையில் சேர்க்கிறேன்.