கண்டிப் பழம்பொருள் கடை: சரக்கு நல்லது, சீட்டுத்தான் பிழை

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகும் பாதையில், செங்குத்தான படி ஏறிப் போகவேண்டிய கடை. பெயர் வேண்டாம், இங்கே சொல்லும் குறைகள் மலையகத்தில் பழஞ்சாமான் விற்கும் பல கடைகளுக்கும் பொருந்தும். துரை பங்களாக்களிலிருந்து இறங்கிய சரக்குத்தான் முக்கால்வாசி. அதில் பார்க்கத் தக்கவை, மணிக்கூட்டுக்கு இருபுறமும் சோடியாக வைக்கிற ஐரோப்பிய உலோகச் சிலைகள்.

நீதி, வணிகம், நம்பிக்கை, குளிர்காலம் என்று ஒரு கருத்துக்கு ஆளுருவம் கொடுத்து வார்த்தவை அவை. குபேரனுடைய செல்வத்தையே சங்கநிதி, பதுமநிதி என்று ஆளாக்கி வாசலில் நிறுத்திய நமக்கு இது புதிதல்ல. மானும் மழுவும் கண்டால் சிவன், சங்கும் சக்கரமும் கண்டால் பெருமாள். முகத்தை யார் பார்க்கிறார்கள்? அங்கேயும் அதே வழக்கம்தான். 1593இல் ரோமில் வெளியான செசாரே ரீப்பாவின் 'இக்கோனோலோஜியா', எந்தக் கருத்தின் கையில் எதைக் கொடுப்பது என்று அகரவரிசையில் சொல்லும் கையேடு. 1603ஆம் ஆண்டுப் பதிப்பில் படங்களும் சேர்ந்தன.

ஆகவே கையைப் பார்த்தால் போதும் என்று தோன்றும். ஆனால் இத்தகைய சிலைகளில் முதலில் உடைவதும் கைதான். கடை தடுக்கி விழுவது இந்த இடத்தில்.

கண்ணாடி அலுமாரியின் நடுத்தட்டில் ஒரு சோடி. ஒருவர் கையில் சுத்தியல், காலடியில் பற்சக்கரம்: தொழில். மற்றவர் கையில் இரண்டு பாம்பு சுற்றிய, உச்சியில் இறக்கை விரித்த கோல். காலடியில் கயிறு கட்டிய பொதி. இதற்குக் கடைச்சீட்டு 'வைத்தியம்' என்கிறது. தவறு. வைத்தியத்துக்கு உரிய அஸ்கிளேப்பியஸின் கோலில் பாம்பு ஒன்றுதான், இறக்கை கிடையாது. இரட்டைப் பாம்பும் இறக்கையும் ரோமரின் வணிகக் கடவுளான மெர்குரியின் கோல். பொதியும் சேர்ந்தால் வணிகம், சந்தேகமே இல்லை. தொழிலும் வணிகமும் சோடியாக வருவது வழக்கம். டொக்டர் வீட்டுக்குப் பரிசு என்று வாங்கிப்போனால் வணிகத்தைத்தான் கொடுத்திருப்பீர்கள்.

நங்கூரத்தில் சாய்ந்து நிற்கும் பெண்ணுக்கு 'கடல் தேவதை' என்று சீட்டு. நங்கூரம் நம்பிக்கையின் அடையாளம்; பைபிளில் எபிரெயருக்கு எழுதின நிருபம் ஆறாம் அதிகாரத்திலிருந்து வந்த வழக்கு. பக்கத்தில் சுக்கானோ சரக்குப் பொதியோ இருந்தால் மட்டும் கப்பலோட்டம், வணிகம் என்று யோசிக்கலாம். இங்கே இரண்டும் இல்லை.

கையில் பாம்பும் கண்ணாடியும் கொண்டவளைக் கிளியோபாட்ரா ஆக்கியிருக்கிறார்கள். பாம்பு மார்பருகே இருந்தால் கிளியோபாட்ரா, கிண்ணத்தில் குடித்தால் ஆரோக்கியத்துக்குரிய ஹைஜியா, கண்ணாடியோடு சேர்ந்தால் விவேகம். தராசுக்காரிக்குக் கண்கட்டு இல்லை என்பதற்காக 'நீதி?' என்று கேள்விக்குறி போட்டதும் தேவையற்ற பயம். இலண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தின் உச்சியில் நிற்பவளுக்கும் கண்கட்டு இல்லை.

நான்கு பருவத் தொகுதிதான் மோசம். பூ வசந்தம், கோதுமைக் கட்டு கோடை, திராட்சை இலையுதிர்காலம், போர்த்திக்கொண்டு கனலருகே நிற்பது குளிர்காலம். கடையில் கோதுமைக்காரிகள் இருவர், குளிர்காலத்தைக் காணோம். (நுவரெலியாவுக்கு இவ்வளவு பக்கத்தில் குளிர் தொலைந்தது வேடிக்கைதான்.) இரண்டாவது கோதுமைக்காரியின் பீடம் மற்றவற்றைவிட அரை விரற்கடை உயரம், வேறு தொகுதியிலிருந்து வந்தவள். முழுத்தொகுதி விலைக்கு வாங்க வேண்டாம்.

வாங்குமுன் டோர்ச்சை மணிக்கட்டின் பக்கவாட்டில் பிடியுங்கள். பழைய பொருத்தில் கோடு நேராக இருக்கும், இருபுறமும் ஒரே நிறம். ஒட்டுவேலையில் பிசின் பிதுங்கி, அதன்மேல் பூசிய பெயின்ட் மட்டும் பளபளக்கும். பிறகு விரல்களைப் பாருங்கள். மூடிய முட்டியில் மேலும் கீழும் துளை இருந்தால் அது கோலோ வாளோ ஈட்டியோ பிடித்த கை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் கிள்ளியதுபோல் இருந்தால் தராசுச் சங்கிலி அல்லது பூத்தண்டு. விரித்த உள்ளங்கை என்றால் எதையோ ஏந்தியது. வாசலோரம் நிற்கும் தீப்பந்தக்காரியின் முட்டித்துளை நீள்சதுரம், பந்தத்தின் காம்போ உருண்டை. இடைவெளியைப் பிசின் அடைத்திருக்கிறது. அவள் பிடித்திருந்தது பெரும்பாலும் வாள்.

பீடத்துப் பெயர்த் தகட்டையும் அப்படியே நம்ப வேண்டாம். பிரெஞ்சில் 'லெ கொமேர்ஸ்' என்றால் வணிகம், 'லெ த்ரவாய்' என்றால் உழைப்பு. ஆனால் தகடு ஆணியில் நிற்பது, கழற்றி மாட்டலாம். தகட்டுக்கு வெளியே பழைய ஆணித்துளை தெரிந்தால் மாற்றியிருக்கிறார்கள். 'மேட் இன் பிரான்ஸ்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் 1891க்கு முந்தியது என்று சொன்னால் நம்பாதீர்கள். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அந்த ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது.

எல்லாவற்றையும் 'வெண்கலம்' என்றே விற்கிறார்கள். பெரும்பாலானவை ஸ்பெல்டர், அதாவது துத்தநாக வார்ப்பு. பீடத்தின் அடியில், கண்ணுக்குப் படாத இடத்தில் ஊசியால் மெல்லக் கீறினால் வெண்கலம் மஞ்சளாகவும் துத்தநாகம் சாம்பல் வெள்ளியாகவும் மின்னும். விரலால் சுண்டினால் வெண்கலம் மணிபோல் ஒலிக்கும், மற்றது தகரம்போல் அடங்கும். காந்தம் உதவாது, இரண்டிலும் ஒட்டாது. துத்தநாகத்தைப் புளியாலும் தேசிக்காயாலும் குத்துவிளக்குபோல் துலக்கிவிடாதீர்கள். அமிலம் உலோகத்தையே தின்னும். பித்தளை மினுக்கும் பிராசோ போட்டால் மேல்பூச்சுப் போய் ஈய நிறத்தில் நிற்கும். உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். மலைப்பனியின் ஈரத்தில் வெள்ளைப்பொடி கிளம்பினால் சுவரோரத்திலிருந்து எடுத்துக் காற்றாட வையுங்கள்.

கடைக்குச் சார்பாகவும் சொல்ல வேண்டும். முதலாளி எதையும் மினுக்கி வைப்பதில்லை, பழைய நிறம் அப்படியே இருக்கிறது. தலைகீழாகப் பிடித்துப் பார்க்கவும் ஊசி வைக்கவும் முகம் சுளிக்காமல் விடுகிறார். கேட்டால் பில்லிலேயே 'துத்தநாக வார்ப்பு, வலக்கை ஒட்டியது' என்று எழுதித் தருகிறார். கேட்டே வாங்குங்கள், விலையும் அப்போதுதான் இறங்கும். காலையில் போனால் முன்பக்கம் நல்ல வெளிச்சம்.

ஹட்டன் பக்கம் பஸ்ஸில் கொண்டுபோகிறவர்கள் கடையிலேயே பீடத்தின் அடித்திருகைக் கழற்றிச் சிலையையும் கல்லையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். சேர்த்துக் கட்டினால் கினிகத்தேனை வளைவுகளில் கல்லின் பாரம் கணுக்காலில் இறங்கும். துத்தநாகம் வளையாது, ஒடியும். கோலும் தராசும் திருகில் வருபவை. அவற்றைத் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.