பெர்லுக்குள் பைத்தான்: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்ததில்

கிண்டி எஸ்டேட்டில் இருக்கும் எங்கள் ஆபீசின் பில்லிங் ஸ்கிரிப்ட் பழைய பெர்ல் மொழியில் எழுதியது. முழுதாக மாற்றி எழுத யாருக்கும் நேரம் இல்லை. புதிதாகக் கேட்ட ரிப்போர்ட்டை மட்டும் பைத்தான் மொழியில் எழுதி, பெர்லுக்குள் பைத்தானை ஓட்டவிடும் இன்லைன்::பைத்தான் மாட்யூல் வழியாக அதற்குள்ளேயே செருகினேன். மூன்று வருடமாக ஓடுகிறது. கணக்கில் தப்பு வந்ததில்லை. படுத்தியதெல்லாம் பிரிண்ட்தான்.

டெர்மினலில் ஓட்டினால் தலைப்பு, வரிகள், மொத்தம் எல்லாம் ஒழுங்காக வரும். அதையே, குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் ராத்திரிக்குப் போட்டு ஃபைலுக்குத் திருப்பினால் மொத்தம் மேலே, தலைப்பு கீழே. "அண்ணா, நேத்து பில்லு தலைகீழா நிக்குது" என்று காலையில் வந்தான் கூட வேலை பார்க்கும் பையன். இரண்டு நாள் லாஜிக்கைக் குடைந்தேன், வீண். பெர்லும் பைத்தானும் ஒரே ப்ராசஸில், ஒரே அவுட்புட்டில்தான் எழுதுகின்றன. ஆனால் ஆளுக்கொரு பஃபர், அதாவது எழுதியதை வெளியே விடுமுன் சேர்த்து வைக்கும் இடம். எதிரே டெர்மினல் இருந்தால் இரண்டும் வரிக்கு வரி வெளியே தள்ளும். ஃபைல் என்றால் சுமார் 8 கேபி சேரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். நடுவில் ப்ராசஸை கில் -9 போட்டு வலுக்கட்டாயமாக நிறுத்தினால் பிடித்து வைத்தது போனதுதான். பெர்லில் $| = 1, பைத்தான் பிரிண்டில் ஃப்ளஷ்=ட்ரூ என்று போட்டு, பிடித்து வைக்காமல் உடனே தள்ளச் சொன்னேன். வரிசை சரியானது.

அடுத்து தமிழ்ப் பெயர்கள். ஒரு பைட்டில் அடங்காத எழுத்து வருகிறது என்று பெர்ல் 'வைட் கேரக்டர்' எச்சரிக்கை போட்டு முனகியது. உடனே, எழுத்துகளை எப்படி பைட்டுகளாக மாற்றி (என்கோட் செய்து) எழுதுவது என்று சொல்லும் பின்மோடில், யூடிஎஃப்-8 என்ற முறையைப் போட்டேன். முனகல் நின்றது, பில்லில் பெயர் போய் கிறுக்கல் வந்தது. பைத்தானிலிருந்து நான் ஏற்கெனவே என்கோட் செய்த பைட்டுகளை அனுப்பியிருக்கிறேன். பெர்ல் மறுபடி என்கோட் செய்துவிட்டது. கண்ணால் பார்த்துக் குழம்பாமல் பைட்டை எண்ணுங்கள். 'தமிழ்' என்ற சொல் யூடிஎஃப்-8-இல் 15 பைட். ஃபைலில் 30 இருந்தால் இரண்டு தடவை என்கோட் ஆகியிருக்கிறது.

இதெல்லாம் ஒட்டுப்போடும் வேலைதான் என்று போன வருடம் புரிந்தது. இப்போது பைத்தான் பக்கம் பிரிண்டே கிடையாது. ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தரும், பெர்ல் மட்டும் அச்சிடும். வெளி லைப்ரரிகள் தாமாகப் பேசினால் பைத்தானின் அவுட்புட்டை வேறு பக்கம் திருப்பும் ரீடைரக்ட்_எஸ்டிடிஅவுட் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன்.

அதுவும் பைத்தான் வழியாக வருவதை மட்டும்தான் பிடிக்கும். சி-யில் எழுதிய ஒரு லைப்ரரி நேராக அவுட்புட்டுக்கே எழுதிவிடுகிறது. அதன் வெர்ஷன் வரி தினமும் பில்லுக்கு மேல் உட்கார்ந்திருக்கும். பையன், வரிகளைத் தேடி வடிக்கும் கிரெப் கட்டளையைப் போட்டு அதைத் தூக்கிவிடுகிறான்.