மூன்று சபையாருக்கும் ஒரே கடை: கோவையின் ஒரு பக்திப் பொருள் அங்காடி

கோவை பெரிய கடைவீதியை ஒட்டிய சந்தொன்றில் உள்ள இந்தச் சிறிய கடைக்கு நான் சென்றதற்குக் காரணம், ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தின் நடுவே என் மாமியாரின் செபமாலை அறுந்துபோனதுதான். கருமத்தம்பட்டி செபமாலை அன்னை திருவிழாவில் அவர் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 153 மணி மாலை அது. புதியது வாங்கித் தருவதாகச் சொன்னதற்கு அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

எங்கள் வீட்டு நிலையையும் சொன்னால்தான் கடையின் அருமை விளங்கும். மாமியார் கத்தோலிக்கர், நான் ஈரோட்டில், பிரப் நினைவாலயத்தைச் சேர்ந்த தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் பிறந்தவள், கொழுந்தனார் சில ஆண்டுகளாகப் பெந்தெகொஸ்தே சபைக்குச் செல்கிறார். மாமியாருக்குத் தவக்காலமாக இருப்பது எனக்கு லெந்து நாட்கள். கொழுந்தனாரோ அப்படியொரு காலத்தையே கணக்கில் கொள்வதில்லை, ஆனால் மாதந்தோறும் தவறாமல் உபவாச ஜெபத்துக்குப் போகிறார்.

கடையை நடத்தும் பெரியம்மா, வேதாகமம் வேண்டும் என்று சொன்னவுடன் எடுத்து நீட்டிவிடுவதில்லை. "எந்தச் சபைக்குங்க அம்மணி?" என்று கேட்ட பிறகுதான் அலமாரியைத் திறக்கிறார். அந்தக் கேள்வி எத்தனை தேவையானது என்பது, பரிசளிப்பதற்காக அவசரத்தில் வாங்கிச் சென்று ஏமாந்தவர்களுக்குத் தெரியும். கத்தோலிக்கர் பயன்படுத்தும் 1995-ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பில் தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலியவை சேர்ந்து 73 நூல்கள் உள்ளன. நாங்கள் வாசிக்கும் 'பழைய திருப்புதல்' என்ற மொழிபெயர்ப்பில் 66 மட்டுமே. நடையும் வேறு: நான் மனப்பாடமாகச் சொல்லும் 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்ற 23-ஆம் சங்கீதம், மாமியாரின் நூலில் 'ஆண்டவரே என் ஆயர்' என்று தொடங்கும் திருப்பாடல். இரண்டையும் பக்கம் பக்கமாக விரித்துக் காட்டி, வாங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கச் சொன்ன கடையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

செபமாலையைப் பழுது பார்த்த விதமும் பாராட்டத் தக்கது. சிறு குறடு ஒன்றால் கம்பி வளையங்களை ஒவ்வொன்றாக இறுக்கி, காணாமற்போன இரண்டு மணிகளுக்கு ஏறக்குறைய அதே நிறத்தில் வேறு மணிகளைத் தேடிக் கோத்துக் கொடுத்தார். கூலியாக வாங்கியது 40 ரூபாய். மாமியார் நாள்தோறும் பத்து மணிகள் கொண்ட ஐந்து பகுதிகளும், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் முழுமாலையும் உருட்டுபவர் என்பதால், அந்த மணிகள் இனியும் நெடுநாள் உழைக்க வேண்டியவை.

குறை இல்லாமல் இல்லை. மாலையுடன் வாங்கிய 15 ரூபாய்ச் செபப் புத்தகத்தில் மகிழ்ச்சி, துயரம், மகிமை ஆகிய மூன்று வகைத் தேவ இரகசியங்கள், அதாவது செபமாலையின்போது தியானிக்கும் இயேசு, மரியாள் வாழ்வின் நிகழ்வுகள், மட்டுமே இருந்தன. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2002-இல் சேர்த்த ஒளியின் தேவ இரகசியங்கள் அதில் இல்லாததால், அவற்றுக்கு உரிய வியாழக்கிழமை அன்று மாமியார் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து சொன்னார். பழைய இருப்பை விற்பது தவறில்லை. விற்கும்போது அதைச் சொல்லியிருக்கலாம்.

தனி ஜெபத்துக்கு உரிய பொருள்களில் காட்டும் கவனத்தைக் கூட்டு வழிபாட்டுக்கு உரியவற்றில் இக்கடை காட்டவில்லை என்பதே என் முதன்மையான மனத்தாங்கல். இயேசுவின் பாடுகளைத் தியானிக்கும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளுக்கான கையேடுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அன்பியம் எனப்படும் கத்தோலிக்க அக்கம்பக்கக் குழுக்களின் கூட்டங்களுக்கு மொத்தமாக வாங்குவோருக்கு விலையும் குறைக்கிறார்கள். ஆனால் எங்கள் ஆராதனையின் உயிரான பாமாலை, கீர்த்தனைப் பாடல் புத்தகங்கள் பொடி எழுத்துப் பதிப்பில் மட்டுமே கிடைக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நூறு பேர் ஒன்றாகப் பாடும்போது எழுத்து கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் குரல்களோடு ஒட்டிக்கொள்ளலாம். இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபத்தில் மூன்று பேர் மட்டும் பாடும்போது அது நடவாது. கொழுந்தனாரின் சபையில் பாடல் வரிகள் திரையில் வருவதால் அவருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் சுரூபங்கள் எனப்படும் சிலைகள் இருந்த பக்கம் திரும்பாமல் நேராக உள்ளே சென்று, வாக்குத்தத்த வசன அட்டைகளில் ஒரு பெட்டி மட்டும் வாங்கிக்கொண்டார். அச்சு தெளிவாகவே இருந்தது.

சந்தில் வண்டி நிறுத்த இடமில்லை என்பதால் பேருந்தில் செல்வது நலம். ஞாயிறு காலையில் கடை திறப்பதில்லை. பெரிய எழுத்துக் கீர்த்தனைப் புத்தகம் வந்தால் சொல்வதாகப் பெரியம்மா என் கைப்பேசி எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். நான் இதை எழுதும் வரை அழைப்பு வரவில்லை.