பம்பர் மட்டுமா, முழு வண்டியுமா? மதுரைச் சாலைக்கு எவ்வளவு பிபிஎஃப் போதும்

பழைய காரை விற்பதற்கு முந்தின நாள் மகளும் நானும் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு, கல் தெறித்துப் பெயின்ட் போன இடத்தையெல்லாம் வட்டம் போட்டோம். பானெட்டில் மட்டும் 34 வட்டம். பம்பரில் எண்ணி மாளவில்லை. கூரையில் ஒன்றுகூட இல்லை. கதவுகளில் கல் பட்ட தடம் கிடையாது. ஆனால் இடது பக்கக் கதவு இரண்டிலும் டூவீலர் ஹேண்டில்பார் உயரத்தில் நீளக் கீறல்கள். புது வண்டிக்குப் பிபிஎஃப், அதாவது பெயின்டைக் காக்க அதன் மேல் ஒட்டும் பிலிம், எவ்வளவு ஒட்டலாம் என்று கடைக்காரர் விலை அட்டையை நீட்டியபோது அந்த வட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

அதே மாதம் மச்சானும் வண்டி எடுத்தார். அவருக்குச் சிம்மக்கல் பக்கம் கடை. வண்டி பாதி நாள் மாசி வீதி நெரிசலில் ஊர்ந்தபடியும், மீதி நாள் கடை வாசலில் நின்றபடியும் இருக்கும். எனக்கோ திருநகரிலிருந்து கொட்டாம்பட்டிக்கு வாரம் ஐந்து நாள் நான்குவழிச் சாலை ஓட்டம். மேலூர் தாண்டினால் எப்படியும் முன்னால் ஒரு ஜல்லி டிப்பர் போகும். எங்கள் இருவருக்கும் கடைக்காரர் காட்டியது ஒரே அட்டை: முழு வண்டிக்கும் 1,15,000 ரூபாய்; முன்பக்கம் மட்டும் என்றால் 42,000; கதவு ஓரம், கைப்பிடிக் குழி மாதிரி சில்லறை இடங்களுக்கு 8,000; பிலிமே வேண்டாம், பெயின்ட் மேல் தடவும் செராமிக் பூச்சு போதும் என்றால் 18,000.

செராமிக்கை முதலில் முடித்துவிடலாம். தண்ணீர் உருண்டு ஓடும், பளபளப்பு நிற்கும், கழுவுவது சுலபம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் அதன் கனம் ஒன்றிரண்டு மைக்ரான். பிபிஎஃப் 150 முதல் 200 மைக்ரான் வரை. கம்பெனி அடித்த பெயின்டின் மொத்தக் கனத்தைவிடவே அதிகம். ‘9எச் கடினம்’ என்று சொல்லி விற்பார்கள். அது பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் அளவு. எண்பதில் போகும்போது தெறிக்கிற ஜல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. போர்வெல் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் செராமிக் மேலும் உப்புக்கறை படியத்தான் செய்யும்.

முழு வண்டிக்கும் ஒட்டுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது, மறுக்கவில்லை. துணி போட்டுத் துடைப்பதால் வரும் வட்ட வட்டக் கீறல், காக்கை எச்சம் எதுவும் நேராகப் பெயின்டைத் தொடாது. கடையில் ஒரு பையன் பித்தளை பிரஷ்ஷால் பிலிமைப் பரபரவென்று தேய்த்துவிட்டு வெந்நீர் ஊற்றினார். கீறல் கண் முன்னாலேயே மறைந்தது. நம் சித்திரை வெயிலுக்கு வெந்நீர்கூட வேண்டியதில்லை. ஆனால் மறைவது மேல்பூச்சில் விழுந்த லேசான கீறல் மட்டுமே. ஆழமாகக் கிழிந்தால் கிழிந்ததுதான். ஷேர் ஆட்டோ இடித்துக் கதவு நசுங்கினால், டிங்கரிங்குக்கு முன்னால் அந்தப் பிலிமையும் உரித்தாக வேண்டும். அதற்கு இன்சூரன்ஸில் பணம் வருமா என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கல்லே படாத கூரைக்கும் டிக்கிக்கும் சேர்த்துப் பணம் கட்ட எனக்கு மனசு வரவில்லை. அடர் கறுப்பு வண்டி வைத்திருந்து, வெட்டவெளியிலேயே நிறுத்துகிறவர் என்றால் கணக்கு வேறு.

முன்பக்கம் என்பதில்தான் சூட்சுமம். கடைக்குக் கடை அதற்கு அர்த்தம் மாறும். சிலர் பம்பரும் பானெட்டின் முன் பாதியும் என்பார்கள். சிலர் முழு பானெட், முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஃபெண்டர் இரண்டு, சைடு மிரர், ஹெட்லைட் வரை சேர்ப்பார்கள். பாதி பானெட் மலிவு என்று ஏமாற வேண்டாம். பழைய காரில் ஒரு கடையில் அப்படித்தான் ஒட்டினேன். இரண்டே வருஷத்தில் பிலிம் முடியும் இடத்தில் அழுக்கு சேர்ந்து, பானெட்டின் குறுக்கே வேட்டிக் கரை மாதிரி ஒரு கறுப்புக் கோடு. அதோடு போகவில்லை. பிலிமை வண்டி மேலேயே வைத்து பிளேடால் அறுத்திருக்கிறார்கள். உரித்த பிறகு பார்த்தால் பெயின்டிலும் மெல்லிசாக ஒரு வெட்டு, ஒரு முனையில் துரு. கேட்டதற்கு, வாரண்டி பிலிமுக்குத்தானே தவிர பெயின்டுக்கு இல்லை என்றார்கள். இந்தத் தடவை, வண்டி மாடலுக்கு ஏற்ப மெஷினில் வெட்டி எடுத்து, ஓரத்தை உள்பக்கம் மடித்து ஒட்டும் கடையாகப் பார்த்துப் போனேன்.

இன்னொன்று. பிலிம் எதில் செய்தது என்று கேளுங்கள். டிபியூ என்ற இழுபடும் பிளாஸ்டிக் வகை என்றால் நல்லது. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் பிவிசி வகையாக இருக்கலாம்; அது சீக்கிரம் மஞ்சளடித்து விறைத்துப் போகும், உரிப்பதும் பெரும்பாடு. வெட்டி மிஞ்சின துண்டு ஒன்றை வாங்கி இழுத்துப் பாருங்கள். டிபியூ ரப்பர் மாதிரி திரும்பச் சுருங்கும்.

பம்பருக்கு மட்டும் ஒட்டினால் போதாதா என்று மச்சான் கேட்டார். யோசித்தால் அது தலைகீழ்க் கணக்கு. பம்பர் பிளாஸ்டிக், துருப் பிடிக்காது. மறுபடி பெயின்ட் அடிப்பதும் பெரிய செலவில்லை. பானெட் தகரம். அதை மறுபடி அடித்தால் மெட்டாலிக் நிறம் பக்கத்து ஃபெண்டரோடு ஒத்துப்போவது அதிர்ஷ்டம்தான். ஒரு இடத்துக்குத்தான் காசு இருக்கிறது என்றால் நான் முழு பானெட்டுக்குப் போடுவேன்.

அவருக்கு 8,000 ரூபாய் வேலையே சரி என்று சொன்னேன். கதவு ஓரம், மோதிர விரல் கீறும் கைப்பிடிக் குழி, சரக்கு மூட்டையை இழுத்து இறக்கும் டிக்கி வாசல்விளிம்பு. இடது பக்கக் கதவு இரண்டுக்கும் கண்ணாடிக்குக் கீழே பிலிம் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது. அட்டையில் அப்படி ஒரு வகையே கிடையாது. கடைக்காரர் தயங்கித்தான் ஒப்புக்கொண்டார். “மாப்ள, டூவீலர்காரன் பிலிமைப் பாத்தா ஒதுங்கிப் போகப் போறான்?” என்று மச்சான் சிரித்தார். ஆனாலும் போட்டுக்கொண்டார்.

நான் எடுத்தது முன்பக்கம் முழுசும், கூடவே கைப்பிடிக் குழிகளும். ஒட்டி முடித்தவர் சொன்னது இவ்வளவுதான்: ஒரு வாரம் கழுவக் கூடாது, ஓரத்தை நகத்தால் நோண்டக் கூடாது, பொட்டு எதுவும் வைக்க வேண்டாம். மறுநாளே பாண்டி கோயிலில் பூஜை. அப்பத்தா சந்தனமும் குங்குமமும் குழைத்துத் தயாராக நின்றது. விஷயத்தைச் சொன்னேன். “ஏய்யா, சாமி பொட்டுல என்னய்யா கறை?” என்று முறைத்தது. அப்புறம் தானே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பிலிம் இல்லாத இடம் எது என்று கேட்டது. கூரையைக் காட்டினேன், எட்டவில்லை. கடைசியில் பின்பக்கக் கண்ணாடியில் மூன்று பொட்டு வைத்தது.