ஆங்கிலப் பட்டமா, ஆங்கில ஆசிரியர் வேலையா? மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கான ஓர் ஒப்பீடு

உயர்தரப் பெறுபேறு வந்ததும் எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும்: "மகள் இங்கிலிஷ் செய்யப் போறாளாம், எந்தக் கம்பஸ் நல்லம்?" கேட்பவரின் மனதில் இருப்பது பெரும்பாலும் கம்பஸ் இல்லை, நியமனம். ஆங்கிலத்தில் பட்டம் எடுத்தால் பாடசாலையில் வேலை நிச்சயம் என்ற நம்பிக்கை ஓட்டமாவடியில் இருந்து பொத்துவில் வரை இருக்கிறது. உண்மையில் இவை இரண்டு கேள்விகள். ஆங்கிலம் படிக்க எது நல்ல இடம் என்பது ஒன்று. ஆங்கில ஆசிரியராக எது நேர்வழி என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

பட்டம் தானாக வேலையாக மாறாது என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் போராட்டம் இருந்தார்கள். ஆங்கிலப் பட்டதாரிக்கு மற்றக் கலைப் பட்டதாரிகளைவிட வாய்ப்பு கூட என்பது சரிதான். ஆனாலும் நியமனம் எப்போது வரும் என்பதை அமைச்சும் மாகாண சபையும் அப்போதிருக்கும் வெற்றிடங்களும்தான் தீர்மானிக்கும், பட்டச் சான்றிதழ் அல்ல.

ஆசிரியர் வேலைதான் வேண்டும் என்றால் நான் முதலில் காட்டுவது பல்கலைக்கழகத்தை அல்ல, தேசிய கல்வியியற் கல்லூரியை. நமக்குத் தாழங்குடாவில் ஒன்றும் அட்டாளைச்சேனையில் ஒன்றும் இருக்கின்றன. ஆங்கில நெறி எந்தக் கல்லூரியில் என்பதை அந்தந்த ஆண்டு வர்த்தமானி அறிவித்தலில் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 3 ஆண்டுகள். 2 ஆண்டுகள் விடுதியில் தங்கிப் படிப்பு, கடைசி ஆண்டு ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி, அதாவது கற்பித்தபடியே பழகும் பயிற்சி. சிறிய கொடுப்பனவும் உண்டு. முடித்தவர்களுக்கு ஆசிரியர் நியமனம் வருவதுதான் வழக்கம். ஒவ்வோர் ஆண்டு மாணவர் தொகுதிக்கும் தாமதம் வேறுபடலாம், ஆனால் இதற்காக யாரும் பூங்காவில் கூடாரம் அடிக்க வேண்டி வருவதில்லை. குறை என்ன? கையில் கிடைப்பது டிப்ளோமா, பட்டம் அல்ல. எந்தப் பாடசாலைக்குப் போடுவார்கள் என்பதும் உங்கள் கையில் இல்லை. பட்டத்தைப் பிறகு வேலையில் இருந்துகொண்டே எடுக்கலாம். பலர் அப்படித்தான் திறந்த பல்கலைக்கழகத்துக்கோ, தேசிய கல்வி நிறுவகத்தின் கல்விமாணி (பி.எட்.) நெறிக்கோ போகிறார்கள். சம்பளமும் வருகிறது, படிப்பும் நடக்கிறது. வீட்டில் மூத்த பிள்ளையாக இருந்து, தம்பி தங்கச்சிமாரின் செலவையும் யோசிக்க வேண்டியவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

உயர் தொழில்நுட்பவியல் நிறுவகங்களில், அதாவது ஏ.ரி.ஐ.களில், ஆங்கிலத்துக்கான உயர் தேசிய டிப்ளோமா ஒன்று இருக்கிறது. இதை முடித்தவர்களையும் ஆங்கில ஆசிரியர்களாக எடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஆட்சேர்ப்பு அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டும். கல்வியியற் கல்லூரி கிடைக்காதவருக்கு இது அடுத்த படி.

சரி, பிள்ளைக்கு உண்மையிலேயே ஆங்கிலம் படிக்க ஆசை என்று வைத்துக்கொள்வோம். கவிதை, நாடகம், நாவல், மொழியியல் எல்லாம் வேண்டும். அப்போதுதான் கம்பஸ் பற்றிய பேச்சு தொடங்குகிறது.

என் முதல் தெரிவு பேராதனை. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் தொடங்கி 1952இல் பேராதனைக்கு இடம் மாறியபோது கூடவே வந்த ஆங்கிலத் துறை இது. ஆங்கிலப் பேராசிரியர் இ.எஃப்.சி. லுடோவைக் வளர்த்த துறை. வகுப்பறைக்கு வெளியே ஆங்கில நாடகம் போடும் பழக்கமும் அவர் காலத்திலேயே வேரூன்றியது. பழம்பெருமைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இலக்கியம் படிக்க நல்ல நூலகம் வேண்டும், வாசித்ததைப் பற்றி வாதாட நாலு பேர் வேண்டும், எழுதிக் கொடுத்ததைச் சிவப்பு மையால் கிழித்துத் தர ஒரு விரிவுரையாளர் வேண்டும். மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைப்பது பெரிய விஷயம். எங்கள் பக்கத்துப் பிள்ளை அங்கே போனால் முதல் தவணை திணறும். கொழும்பு, கண்டிப் பாடசாலைகளில் இருந்து வீட்டிலும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் பக்கத்தில் இருப்பார்கள். வகுப்பில் வாய் திறக்கக் கூச்சமாக இருக்கும். இரண்டாம் ஆண்டில் அந்தக் கூச்சம் போய்விடும். போகாவிட்டால் அது பாடசாலையில் வாசிக்காமல் விட்டதற்கான கணக்கு, ஊரின் குற்றம் அல்ல.

தூரம் பற்றிப் பெற்றோர் சொல்வது நியாயம். பகிடிவதைப் பயமும் நியாயம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிவிட்டது, இருந்தாலும் முற்றாக ஒழிந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பேராதனை ஏதோ வேறு உலகம் என்று நினைக்க வேண்டாம். அங்கே தொடங்கும் ஏ5 வீதிதான் பதுளை வழியாக வந்து நம்முடைய செங்கலடியில் முடிகிறது.

யாழ்ப்பாணம் இரண்டாவது. 1974இல் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. அங்கே ஆங்கிலம் மொழியியலோடு சேர்ந்து வளர்ந்தது. தமிழ் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தை எப்படிக் கற்பிப்பது என்ற கேள்வியில் ஆர்வம் உள்ளவருக்கு இந்த இடம் பிடிக்கும். மொழியியலாளர் சுரேஷ் கனகராஜா 1984 முதல் 1994 வரை இங்கேதான் கற்பித்தார். போருக்கு நடுவே நடந்த அந்த வகுப்பறைகளை வைத்து அவர் எழுதிய ஆய்வை உலகம் முழுவதும் ஆங்கில ஆசிரியர்கள் வாசிக்கிறார்கள். சுற்றிலும் தமிழ் என்பதால் வாழ்வது சுலபம். அதுவேதான் குறையும். வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ஆங்கிலம் காதில் விழாது, வாடகைக்குத் தங்கும் போடிங்கிலும் விழாது. பேச்சு ஆங்கிலத்தை நீங்களே தேடிப் போக வேண்டும்.

பக்கத்திலேயே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கும்போது ஏன் ஊரைவிட்டுப் போக வேண்டும்? இதைக் கேட்காத அம்மா இல்லை. கிழக்குப் பல்கலைக்கழகம் 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமானது. தென்கிழக்கு 1995இல் தொடங்கியது. இரண்டிலும் கலைப் பீடம் உண்டு. வீட்டில் இருந்து போய் வரலாம், போடிங் காசு மிச்சம், அம்மாவின் சாப்பாடும் உண்டு. ஆனால் முடிவெடுக்க முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். கலை மாணவர் எல்லோருக்கும் ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பிப்பது வேறு, ஆங்கிலத்தையே சிறப்புப் பாடமாக எடுத்து 4 ஆண்டுகள் படிப்பது வேறு. பீட அலுவலகத்தில் நேரே கேளுங்கள்: உங்கள் தொகுதிக்கு ஆங்கிலச் சிறப்புப் பட்டம் திறந்திருக்கிறதா, முதலாண்டில் எத்தனை புள்ளி எடுத்தால் அதற்குள் எடுப்பார்கள், இலக்கியம் கற்பிக்க நிரந்தர விரிவுரையாளர் எத்தனை பேர். தெளிவான பதில் கிடைத்தால் ஊரிலேயே இருங்கள். "முதலில் வாங்கோ, பிறகு பார்ப்பம்" என்றால் அதை நம்பி ஆங்கிலத்துக்காகச் சேர வேண்டாம். வேறு பாடம் பிடித்துச் சேர்ந்தால் அது வேறு கதை.

சிறப்பா பொதுவா என்பதும் சின்ன விஷயம் இல்லை. பொதுப் பட்டம் 3 ஆண்டுகள், இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் 5ஆம் மட்டம். சிறப்புப் பட்டம் 4 ஆண்டுகள், 6ஆம் மட்டம். பிற்காலத்தில் விரிவுரையாளராகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் நல்ல வகுப்போடு சிறப்புப் பட்டம் இல்லாமல் நகர முடியாது.

இப்போது திறந்த பல்கலைக்கழகம். 1980இல் தொடங்கியது. தலைமையகம் நாவலவில், மட்டக்களப்பில் பிராந்திய நிலையம். ஆங்கிலமும் ஆங்கில மொழி கற்பித்தலும் சேர்ந்த கலைமாணிப் பட்டம் அங்கே உண்டு. மற்றக் கம்பஸ்களுக்கு ஆள் எடுக்கப் பார்க்கும் உயர்தர இசட் புள்ளியை இங்கே கேட்பதில்லை, வயது கூடிவிட்டது என்றும் சொல்வதில்லை. கட்டணம் உண்டு. மற்ற அரச கம்பஸ்களில் படிப்பு இலவசம், பலருக்கு மகாபொல உதவித்தொகையும் கிடைக்கும். இங்கே பாடத்துக்குப் பாடம் பணம் கட்ட வேண்டும். இதைச் சிலர் இரண்டாம் தரப் பட்டம் என்று நினைப்பது எனக்கு விளங்குவதே இல்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகத்தான் எடுத்தார். சேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழில் அலசி மதங்க சூளாமணி எழுதியவரும் அவரேதான். அதற்கு ஆங்கிலப் பட்டம் தேவைப்படவில்லை.

பாடத்திட்டம் என்று பார்த்தால், வேலைக்குப் போகும் பிள்ளைக்குப் பேராதனையைவிடத் திறந்த பல்கலைக்கழகம் கூடப் பொருந்தும். இலக்கியத்தோடு வகுப்பறையில் எப்படிக் கற்பிப்பது என்பதும் பாடமாகவே வருகிறது. சிக்கல் வேறு இடத்தில். பாடநூல் கட்டு வீட்டுக்கு வந்துவிடும். பிறகு எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படை, தொடர் மதிப்பீடு. அவற்றில் தேறினால்தான் இறுதிப் பரீட்சை எழுதலாம். ஒப்படைகளைத் தவறவிட்டால் அந்தப் பாடம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போகலாம். இப்படியே தள்ளித் தள்ளி பட்டம் கை நழுவியவர்கள் உண்டு. காலையில் எழுப்பிவிட ஆள் தேவைப்படும் பிள்ளைக்கு இது சரிவராது. ஏற்கனவே ஆசிரியராக இருப்பவர், கல்யாணம் முடித்துப் பிள்ளை வளர்ப்பவர், கடையோ அலுவலகமோ பார்ப்பவர், இவர்கள்தான் இதை முடிக்கிறார்கள். நேரத்தின் விலை அவர்களுக்குத் தெரியும்.

பேராதனையையும் இதையும் நேருக்கு நேர் வைத்தால், 19 வயதில் இசட் புள்ளி இருந்தால் பேராதனை. 25 தாண்டி, கையில் வேலை இருந்தால் யோசிக்காமல் திறந்த பல்கலைக்கழகம்.

தனியார் நிறுவனங்கள் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. வெளிநாட்டுப் பெயர் போட்ட விளம்பரத்தைப் பார்த்ததும் பணம் கட்டாமல், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கடைசியாக, பலர் பிந்தித் தெரிந்துகொள்ளும் ஒரு விடயம். உயர்தரத்தில் எல்லோரும் எழுதும் பொது ஆங்கிலம் இசட் புள்ளியில் சேராது. அதில் ஏ எடுத்தாலும் ஆங்கிலத் துறையின் கதவு திறக்காது. பொதுவாக உயர்தரத்தில் ஆங்கிலத்தைப் பிரதான பாடமாக எடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் துறை வைக்கும் சோதனையில் தேற வேண்டும். மெதடிஸ்த மத்திய கல்லூரி 1814இல் தொடங்கிய ஊர் மட்டக்களப்பு. ஆனாலும் உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பிக்கும் பாடசாலைகள் இன்றைக்கும் குறைவு. எனவே சாதாரண தரம் முடித்ததுமே ஆசிரியர் இருக்கும் பாடசாலையைத் தேடுங்கள். அது பிந்திவிட்டால், உயர்தரம் எழுதிக் கம்பஸ் திறக்கும்வரை எப்படியும் நீண்ட காத்திருப்பு இருக்கும். ரியூட்டரியில் இலக்கண வகுப்புக்குப் போவதைவிட, அந்த மாதங்களில் நூலகத்தில் இருந்து ஆங்கிலச் சிறுகதைகள் எடுத்து வாசித்து, ஒவ்வொன்றையும் பற்றி ஒரு பக்கம் எழுதி, தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் திருத்தி வாங்குங்கள். துறைச் சோதனையில் கேட்பதும் கிட்டத்தட்ட இதைத்தான்: ஒரு பகுதியைக் கொடுத்து, வாசித்து, உங்களுக்குத் தோன்றியதை எழுதச் சொல்வார்கள்.