"3 ஷோ காம்போ" டிக்கெட்: வடசென்னைக்காரர்கள் கவனத்துக்கு

ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை பக்கத்து வாட்ஸப் குழுக்களில் "3 ஷோ காம்போ, சில்வர், 3,500 மட்டும்" என்று ஒரு போஸ்டர் சுற்றுகிறது. மூன்று பாட்டு நிகழ்ச்சிகளுக்குச் சேர்த்து ஒரே விலையில் டிக்கெட் என்கிறார்கள், ஆனால் அது மோசடி. தயவுசெய்து யாரும் பணம் போடாதீர்கள். நானும் தங்கையும் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். 7,000 ரூபாய் போனது.

எங்கள் வீட்டில் பாட்டுக் கச்சேரிக்கென்று வருஷத்துக்கு ஒரு தொகை ஒதுக்குவோம். டிக்கெட் விலையை மட்டும் பார்ப்பதில்லை. ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் கச்சேரி நடந்தால் ராத்திரி திரும்பி வருகிற ஆட்டோவுக்கே இன்னொரு டிக்கெட் காசு ஆகிவிடும், அதனால் அதைப் பட்டியலிலிருந்து முதலிலேயே அடித்துவிடுவோம். நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம் என்றால் வண்ணாரப்பேட்டையில் ஏறினால் ஒரே மெட்ரோ, மாற வேண்டியதில்லை. நேரு ஸ்டேடியம் இன்னும் கிட்டே. காம்போ விற்றவருக்கு இந்தக் கணக்கெல்லாம் அத்துப்படி. மூன்றுமே மெட்ரோவில் போய் வரக்கூடிய இடங்கள், நமக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. "அக்கா, நானும் நம்ம ஏரியாதான், ஏமாத்திட்டு எங்க போகப் போறேன்?" என்று வேறு கேட்டார்.

முதல் நிகழ்ச்சி ஒழுங்காகவே நடந்தது. சின்ன அரங்கம், நிஜ டிக்கெட், கேட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை. டிக்கெட் விற்கும் ஆப்பில் அதன் விலை 299 ரூபாய் என்பதைப் பிறகுதான் பார்த்தேன். தூண்டிலே அதுதான். நாங்கள் போட்ட ஃபோட்டோவைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அண்ணியும் அவருக்குப் பணம் அனுப்பினார்.

இரண்டாவது, நந்தனத்தில். மணிக்கணக்கில் வரிசையில் நின்று கேட்டுக்கு வந்து ஃபோனை நீட்டினால் சிவப்பு விளக்கு. "ஏற்கெனவே ஸ்கேன் ஆயிடுச்சு, தள்ளி நில்லுங்க மேடம்." ஓரமாக நின்றால், அங்கே ஏற்கெனவே இரண்டு கல்லூரிப் பையன்கள். ஃபோனை ஒப்பிட்டுப் பார்த்தோம், அதே புக்கிங் எண், அதே க்யூஆர். ஒரு டிக்கெட்டை வாங்கி அதன் ஸ்கிரீன்ஷாட்டைப் பலருக்கு விற்றிருக்கிறார். எவர் முதலில் ஸ்கேன் செய்கிறாரோ அவர் உள்ளே போவார், மற்றவர்கள் வெளியே நின்று பாட்டைக் கேட்கலாம். ஹெல்ப் டெஸ்க்கில் "புக் பண்ண நம்பருக்கு வர ஓடிபி சொல்லுங்க" என்றார்கள். அந்த நம்பர் அவருடையது, என்ன செய்ய? அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ஆனால் வயதான ஒருவரை "போலி டிக்கெட்ல வந்துட்டு" என்று அதட்டியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

காம்போ விற்றவரை அழைத்தால், "சர்வர் பிராப்ளம்க்கா, காலையில ரீஃபண்ட் போட்டுடறேன்." காலையில் வந்தது பணம் அல்ல, ஒரு க்யூஆர். அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் வந்துவிடுமாம்! யுபிஐயில் பின் நம்பர் போடுவது பணம் கொடுக்கத்தான், பணம் வாங்க அந்த நம்பரைக் கேட்கவே கேட்காது. தங்கை ஃபோனைப் பிடுங்கியதால் அது தப்பியது. அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

மூன்றாவதாக விற்றது என்ன தெரியுமா? "அனுமதி இலவசம்" என்று நோட்டீஸிலேயே போட்டிருந்த ஒரு மார்கழி நிகழ்ச்சி. அதற்கு வண்ணமயமாக ஒரு பாஸ் டிசைன் செய்து தந்திருந்தார். உழைப்பாளி.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்து, சைபர் கிரைம் தளத்திலும் புகார் பதிந்தோம். பணம் போன சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அந்தக் கணக்கை முடக்க வாய்ப்பு அதிகம். எங்களுக்கு அந்த நேரம் எப்போதோ தாண்டிவிட்டது, ஏனென்றால் பணம் கட்டியதற்கும் கேட்டில் நின்றதற்கும் இடையே வாரங்கள். முதல் நிகழ்ச்சியை ஒழுங்காக நடத்திக் காட்டுவதில் அவருக்கு இந்த லாபமும் இருக்கிறது. யுபிஐயில் காட்டிய பெயரும் அவர் சொன்ன பெயரும் வேறு. "அத்தை பையன் அக்கவுண்ட்" என்றிருந்தார்.

இனி யாரிடமாவது டிக்கெட் வாங்குவதாக இருந்தால் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள். ஆப்பிலேயே இன்னொரு நம்பருக்கு மாற்றித் தரும் வசதி இருந்தால் அதைக் கேளுங்கள், உங்கள் கணக்கில் டிக்கெட் வந்த பிறகு பணம் கொடுங்கள். சில நிகழ்ச்சிகளுக்கு, நடக்கும் நாள் நெருங்கும்போதுதான் ஆப்பில் க்யூஆர் திறக்கும். அப்படிப்பட்டதற்கு ஒரு மாதம் முன்பே க்யூஆர் காட்டினால் அது போலி என்று அப்போதே விலகிவிடலாம்.

காசு குறைவு என்றால் மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லாமலே போகலாம். நம் பக்கத்துக்குக் கிட்டே பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம், அங்கே டிசம்பரில் தமிழிசைச் சங்கத்தின் விழா நடக்கும். பொங்கலை ஒட்டி சென்னை சங்கமம் பூங்காக்களிலும் மைதானங்களிலும் இலவசம்.

போன வாரம் அதே நம்பர், வேறு பெயர், வேறு புரொஃபைல் படத்தோடு இன்னொரு குழுவில் "பொங்கல் காம்போ" போட்டிருக்கிறது. உங்கள் குழுவில் வந்தால் நம்பர் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அட்மினிடம் சொல்லி நீக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே பணம் போட்டவர்கள் அடுத்த ஷோ வரைக்கும் காத்திருக்காமல் இன்றே 1930-க்கு அழையுங்கள்.