என்ஜின் ஏன் சூடேறுகிறது? ஓபிடி ஸ்கேனரும் பிரஷர் டெஸ்டரும்: நீண்ட நாள் பயன்பாட்டு அனுபவம்

டேஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள்ளை மட்டும் பார்த்து, என்ஜின் சூடேறும் கோளாறைக் கண்டுபிடிக்கவே முடியாது. இப்போதைய கார்கள் பலவற்றில் அந்த முள் உண்மையான வெப்பநிலையை அப்படியே காட்டுவதில்லை. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் 80 டிகிரியில் இருந்தாலும் 100 டிகிரியில் இருந்தாலும் நடுவிலேயே நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள். ஓட்டுபவர் சும்மா பயப்படக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் முள் நடுவை விட்டு நகர ஆரம்பிக்கும்போது என்ஜின் ஏற்கெனவே ஆபத்தான சூட்டை நெருங்கியிருக்கும். எங்கே, எப்போது, எவ்வளவு வேகமாக ஏறியது என்ற விவரம் ஒன்றும் கையில் இருக்காது.

என் வண்டி மறுபடியும் மறுபடியும் சூடேறியபோது இதுதான் நடந்தது. ஒர்க்‌ஷாப்பில் முதலில் கூலன்ட்டை முழுக்க மாற்றினார்கள். அப்புறம் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டுக்கேற்ப ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு. சூடு குறையவில்லை. "வாட்டர் பம்பையும் மாத்திப் பாத்துரலாம் சார்" என்றார்கள். 'மாற்றிப் பார்க்கலாம்' என்று சொல்லும் இடத்திலேயே யாரும் எதையும் அளக்கவில்லை என்பது தெரிந்துவிடுகிறது. அதன் பிறகுதான், வண்டியின் கணினியில் இருக்கும் அளவுகளைப் படித்து ப்ளூடூத் வழியாக ஃபோன் ஆப்புக்கு அனுப்பும் சின்ன ஓபிடி அடாப்டர் (ஸ்கேனர்) ஒன்றை வாங்கினேன். அன்றிலிருந்து அது வண்டியிலேயே இருக்கிறது.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் செருகினால் போதும். அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இந்த வசதி கட்டாயம். அதனால் ஓரளவு புதிய வண்டி எதுவானாலும் பெரும்பாலும் வேலை செய்யும். கூலன்ட் வெப்பநிலை எல்லா ஆப்பிலும் வருகிற அடிப்படை அளவு. மைனஸ் 40 முதல் 215 டிகிரி வரை காட்டும். ஓடுகிற வண்டியில் திடீரென்று மைனஸ் 40 என்று வந்தால், பெரும்பாலும் சென்சார் கம்பி அறுந்திருக்கிறது அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது என்று அர்த்தம்.

வெறும் எண்ணைவிட அந்த எண்ணின் போக்கைத்தான் பார்க்க வேண்டும். நல்ல ஆப் அதை வரைபடமாகவே சேமித்துத் தரும். காலையில் குளிர்ந்த என்ஜினை ஓட்டியதும் வெப்பம் சீராக ஏறும். தெர்மோஸ்டாட் திறக்கும் இடத்தில் சற்றே தயங்கி, லேசாக இறங்கி, பிறகு நிலைக்கும். எந்த வெப்பத்தில் திறக்க வேண்டும் என்பது தெர்மோஸ்டாட்டின் மேலேயே பொறித்திருக்கும், 82 அல்லது 88 என்பதுபோல. என் வண்டியில் அந்தத் தயக்கம் சரியான இடத்தில் வந்தது. அதாவது தெர்மோஸ்டாட்டில் சிக்கல் இல்லை. நெடுஞ்சாலையில் 90-ஐ ஒட்டி அசையாமல் நின்றது. நெரிசலில் மாட்டியதும் 100, 104, 108 என்று ஏறிக்கொண்டே போனது. திடீரென்று ரேடியேட்டர் ஃபேன் பெரும் சத்தத்தோடு சுழல, எண் சரசரவென்று இறங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஏற்றம்.

இந்தப் போக்கிலேயே பாதி விடை இருக்கிறது. வேகமாகப் போகும்போது எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும், ஃபேன் தேவையில்லை. அந்த நிலையில் வெப்பம் கட்டுக்குள் இருந்தால் பம்ப் கூலன்ட்டைச் சுற்றவைக்கிறது, ரேடியேட்டர் அடைக்கவில்லை என்று நம்பலாம். நிற்கும்போது மட்டும் சூடேறினால் காற்றோட்டத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்: ஃபேன் மோட்டார், ரிலே, ஃப்யூஸ், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சரில் படிந்த தூசியும் பூச்சிகளும். ஏசியைப் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான கார்களில் உடனே ஃபேன் மெல்லிய வேகத்தில் சுழல வேண்டும். என் வண்டியில் ஒரு சத்தமும் இல்லை. மெது வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோயிருந்தது. முழு வேகத்துக்கான மின்சாரம் அந்த ரெசிஸ்டர் வழியாகப் போவதில்லை. அதனால்தான் சூடு எல்லை மீறிய பிறகு மட்டும் ஃபேன் சுழன்றிருக்கிறது. 'ஃபேன் ஓடுதே, அது நல்லாத்தான் இருக்கு' என்று எல்லோரும் கடந்துபோனதற்கும் அதுவே காரணம். பம்ப் பக்கம் கைவைக்காமலே அந்தச் சின்ன பாகத்தை மட்டும் மாற்றினோம்.

இதற்கு நேர்மாறான போக்கும் உண்டு. நெரிசலில் நன்றாக இருந்து, வேகமாகப் போகும்போதோ ஏற்றத்திலோ மட்டும் சூடேறினால் ஃபேனை விட்டுவிட்டு கூலன்ட் ஓட்டத்தைப் பாருங்கள். உள்ளே உப்புப் படிந்து அடைத்த ரேடியேட்டர், பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட், இறக்கைகள் அரித்துப்போன பம்ப், உறிஞ்சும்போது உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் என்று காரணங்கள் நீளும். என்ஜின் சூடாக இருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்று வந்தால், பெரும்பாலும் கூலன்ட் குறைந்திருக்கிறது அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது.

ஃபேன் சரியான பிறகு எண் 100-ஐத் தாண்டவே இல்லை. ஆனாலும் டேங்கில் கூலன்ட் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. இங்கே ஸ்கேனரால் எந்தப் பயனும் இல்லை. சென்சார் இருக்கும் இடத்தின் வெப்பம் மட்டுமே அதற்குத் தெரியும். கூலன்ட் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே எண் குறைவாகக் காட்டவும் வாய்ப்புண்டு. ஆகவே கூலன்ட் அளவைக் கண்ணால் பார்க்காமல் திரை எண்ணை நம்பக் கூடாது.

கசிவைத் தேடக் கைப்பம்போடு வரும் பிரஷர் டெஸ்டர் வேண்டும். என்ஜின் நன்றாகக் குளிர்ந்த பிறகு, ரேடியேட்டர் அல்லது கூலன்ட் டேங்க் மூடிக்குப் பதிலாக இதை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்ற வேண்டும். பல கார்களில் அது 0.9 முதல் 1.1 பார் வரை. பிறகு முள் இறங்குகிறதா என்று காத்திருக்க வேண்டும். என் வண்டியில் முள் அசையவில்லை, ஹோஸ்கள், ரேடியேட்டர் எல்லாம் நலம். அதே கருவியில் மூடியைத் தனியாகச் சோதித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. உரிய அழுத்தத்துக்கு வெகு முன்பே அது விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

மூடிதானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் கொதிநிலை 130-ஐ நெருங்கும். அந்த இடைவெளிதான் என்ஜினுக்குப் பாதுகாப்பு. சென்சார் 108 காட்டும்போது சிலிண்டர் ஹெட்டின் உட்சுவர்கள் அதைவிடச் சூடாக இருக்கும். மூடி பலவீனமானால் அங்கே ஆவிக்குமிழ் உருவாகி, கூலன்ட் வெளியே தள்ளப்படும். என் வண்டியில் தாமதமாக ஓடிய ஃபேன் சூட்டை ஏற்றியது, பலவீனமான மூடி அந்தச் சூட்டில் கூலன்ட்டை இழந்தது. இரண்டு கோளாறும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தன. ஒன்றைச் சரிசெய்தும் சிக்கல் பாதி மிச்சமிருக்கிறது என்றால், செய்த வேலை வீண் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

இதற்கிடையில் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்குமோ என்ற பயமும் இருந்தது. அதற்கும் எளிய சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து, மேலே வரும் காற்றை நீலத் திரவம் வழியாக உறிஞ்சினால், சிலிண்டரில் எரிந்த புகை கலந்திருந்தால் திரவம் மஞ்சளாக மாறும். எனக்கு நீலமாகவே இருந்தது, பெரிய நிம்மதி. குளிர்ந்த என்ஜினை ஓட்டிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லாக இறுகினால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

சில இடங்களில் தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். என்ஜின் போதிய சூட்டுக்கு வராமல் எரிபொருளை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் பைபாஸ் வழியை மூடுவதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதைக் கழற்றினால் கூலன்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவரும், சூடு கூடவும் செய்யும்.

அடாப்டரின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். வண்டியை நீண்ட நாள் நிறுத்தும்போது கழற்றி வைக்க வேண்டும், சில சாக்கெட்டுகளில் எப்போதும் மின்சாரம் இருப்பதால் பேட்டரி மெல்ல இறங்கும். ப்ளூடூத் இணைப்பு அவ்வப்போது அறுந்துபோகும். ஃபேனை நாமே இயக்கிப் பார்க்கும் வசதி இந்த எளிய கருவிகளில் கிடைப்பதில்லை, அதற்கு ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான் வேண்டும். இவ்வளவு இருந்தும், ஒலி எச்சரிக்கை வசதிக்காக மட்டுமே இதை மறுபடியும் வாங்குவேன். 103 என்று வைத்திருக்கிறேன். ஓட்டும்போது திரையைப் பார்க்கவே வேண்டியதில்லை. சத்தம் வந்தால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பத்திரமான இடத்தில் ஓரம்கட்டுவேன். சூடாக இருக்கும்போது மூடியைத் திறப்பதும், கொதிக்கும் என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றுவதும் கூடவே கூடாது.

மெக்கானிக்கிடம் போகும்போது சேமித்த வரைபடத்தைக் காட்டுங்கள். என்னிடமிருந்து அதை வாங்கிப் பார்த்தவர் பம்ப் பேச்சை விட்டுவிட்டு நேராக ஃபேன் கனெக்டரிடம்தான் போனார். ஆனால் வரைபடத்தோடு இன்னும் சில விவரங்களையும் எழுதிவைக்க வேண்டும்: அந்த நேரத்தில் ஏசி ஓடியதா, வண்டி நின்றதா நகர்ந்ததா, ஃபேன் சத்தம் எப்போது கேட்டது, கிளம்பும் முன் கூலன்ட் எந்தக் கோட்டில் இருந்தது. வேகத்தை ஆப்பே பதிவுசெய்யும், மற்றவற்றை நாம்தான் குறித்துவைக்க வேண்டும்.